சூப்பில் ஊற்றும் ஒயின்

குவால்தியேரோ வாசலிலேயே நின்றுவிட்டார். பாதி ஆயுள் நெல் மூட்டை சுமந்த அதே பழைய ஆலைதான். போன வாரம் அதில் மகள் நிவேஸ் உணவகம் திறந்திருக்கிறாள்.

"உள்ள போடா. உன் பொண்ணு கடைக்கு டிக்கெட்டா கேக்கப் போறாங்க?" என்று பின்னாலிருந்து தள்ளினார் கூட்டாளி ஒரேஸ்தே.

உள்ளே போனார். தவிட்டுக் கிடங்கின் சுவர் முழுக்க, தரையிலிருந்து உத்தரம் வரை ஒயின் பாட்டில்கள். ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள். மாதா கோயிலுக்குள் வந்தவரைப் போலத் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். எலி ஓடிய இடமா இது? அவர் பெற்ற பிள்ளையா இதைச் செய்தாள்? கண் நிறைந்து போயிற்று.

இருந்தும் அத்தனை பாட்டில்களில் ஒரு லாம்புருஸ்கோகூட இல்லை. வீட்டுக்கு வீடு குடிக்கிற நுரைத்த சிவப்பு ஒயின், அதற்கு மட்டும் இங்கே இடமில்லை.

காலையில் போனில் நிவேஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. "அப்பா, இன்னைக்கு மிலானோ நகரத்துலேருந்து பெரிய ஆளுங்க சாப்பிட வர்றாங்க. சூப்புல ஒயின ஊத்திக் குடிக்காத, எனக்காக." சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் நாள் முழுக்க அது முள்ளாகக் குத்தியது. என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாளா?

இத்தாலியில் இந்த மாந்துவா ஊர்க்காரன் சூப்பில் ஒயினைக் கவிழ்ப்பான். அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பான். வெளியூர்க்காரன் கண்ணுக்கு அது கோமாளித்தனம்.

மேஜையில் உட்கார்ந்ததும் சூப் வந்தது. கிண்ணத்தின் அடி தெரியும் தெளிவு. கறி பொதிந்த மாவு மடிப்புகள் விரல்நுனி அளவில் மிதந்தன, அத்தனையும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி. சின்ன வயதில் மாவைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்த மகளின் கையா இது? ஆவியோடு வாசனை மேலே வந்தது. கை தானாக ஒயின் கிளாசை நோக்கிப் போயிற்று.

"டேய், கை! கையப் பாரு!" என்றார் ஒரேஸ்தே.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கரண்டியை எடுத்தார், வைத்தார். சூப் ஆறத் தொடங்கியது.

"குடி, இல்ல என் பக்கம் தள்ளு."

அதற்குள் வெள்ளைக் கோட்டோடு நிவேஸ் வெளியே வந்தாள். மொத்தக் கூடமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் பார்த்தது அந்தத் தொடாத கிண்ணத்தைத்தான். முகம் வாடிவிட்டது.

"நல்லா இல்லையாப்பா?"

"ஐயோ, அப்படி இல்லடா கண்ணு. ஊத்தாம எப்படிக் குடிக்கறதுன்னே தெரியல. பொறந்ததுலேருந்து ஒரு தடவகூட அப்படிக் குடிச்சதில்ல."

ஒரேஸ்தே வாய்விட்டுச் சிரித்தார். நிவேஸ் சிரிக்கவில்லை. திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள். காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று குவால்தியேரோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழப்போனார்.

அவள் திரும்பி வந்தாள். ஒரு கையில் ஆவி பறக்கும் கிண்ணம், மறு கையில் பெயர்ச்சீட்டு இல்லாத பாட்டில். லாம்புருஸ்கோ!

"எங்கேருந்தும்மா இது?"

"அடுப்புக்குக் கீழ வச்சிருக்கேன்."

பாட்டில் பாதி காலியாக இருந்தது. அவர் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"நான்தாம்ப்பா. தினமும், கடை திறக்கறதுக்கு முன்னாடி. அடுப்புக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டு, யாருக்கும் தெரியாம."

சொல்லிக்கொண்டே எல்லார் கண்முன்னாலும் ஊற்றினாள். இளஞ்சிவப்பு நுரை பொங்கிக் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது. "எந்திரிப்பா. இத யாராவது உக்காந்து குடிப்பாங்களா?"

அவர் எழுந்து நின்றார். பக்கத்து மேஜை மிலானோ அம்மாள் வியப்போடு கேட்டாள்: "என்னங்க அது?"

"எங்கப்பா சூப்பு," என்றாள் நிவேஸ், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

குவால்தியேரோ கிண்ணத்தை இரு கையாலும் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். மீசையில் நுரை. மகளை ஏறிட்டுப் பார்த்தார், அந்த உயர்ந்த சுவரைப் பார்த்ததைவிடப் பெரிய பிரமிப்போடு.

கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."