புதுவாயல் ரோட்டில் ஓடுகிறவன்

நாகமுத்து ஓடுவது கலியனுக்குப் பிடிக்கவில்லை. அதை அவன் மறைக்கவும் இல்லை.

கலியனின் டீக்கடை புதுவாயல் கூட்டு ரோட்டில் இருந்தது. பொழுது விடிகிற நேரத்தில் கவரைப்பேட்டைப் பக்கமிருந்து அரைக்கால் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக நாகமுத்து ஓடி வருவான். கடைக்கு எதிரே இருந்த புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புவான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் சிரித்தார்கள். "யாருப்பா தொரத்திக்கினு வர்றது?" என்று கேட்டார்கள். எழுபத்து மூன்றாம் வருஷத்தில் அந்த ரோட்டில் காரணமில்லாமல் ஓடியவன் அவன் ஒருவன்தான். சிரிப்பு சீக்கிரமே வற்றிப்போனது. அப்புறம் கல் விழுந்தது. ஒருநாள் கலியன் தன் நாயை அவிழ்த்து விட்டான்.

நாகமுத்து பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. கவரைப்பேட்டை அருகே புதிதாக வந்த கம்பி ஆலையில் வேலை கிடைத்ததும், மனைவி செல்லியம்மாளோடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் குடிவந்தான். ஆலையின் விளையாட்டுப் போட்டியில் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆள் குறைகிறதென்று அவனையும் இழுத்துவிட்டார்கள். பரிசு ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் பாதி தூரம் தாண்டியதும் மூச்சு தானாக ஒரு சீருக்கு வந்தது. உலையின் இரைச்சலும் மேஸ்திரியின் ஏச்சும் தலையை விட்டு இறங்கிப்போயின. அந்தச் சுகத்துக்காகத்தான் தினமும் ஓடினான்.

கலியனின் தம்பியும் அதே ஆலை வாசலில் வேலைக்கு நின்று பார்த்தவன். கிடைக்கவில்லை. "எங்க ஊரு வேலய எடுத்துக்கினே. இப்ப ரோட்டையும் எடுத்துக்கினியா?" என்று கலியன் ஒருநாள் குறுக்கே நின்று கேட்டான்.

"ரோடு உங்க அப்பன் போட்டதா?" என்றான் நாகமுத்து. நல்லபடியாகப் பதில் சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை.

மாசி மாதம் புதுவாயலில் ஆடுகள் களவு போயின. ஆட்டுப்பட்டி திறந்து கிடந்த அந்தக் காலையில் கடை முன்னால் கூட்டமாக நின்றிருந்தார்கள். நாகமுத்து வழக்கம்போல ஓடி வந்தான்.

"தோ வர்றான் பாரு. தெனம் வந்து நோட்டம் பாத்துக்கினு போறவன் இவன்தான்" என்றான் கலியன்.

நாகமுத்து நின்றான். "இன்னா நோட்டம்? ஆட்டை இடுப்புல கட்டிக்கினா ஓடறேன்?" என்று கேட்டு முடிப்பதற்குள் தோளில் ஒரு தடி விழுந்தது. சுற்றிலும் பார்த்தான். கேட்டுக்கொள்கிற முகம் ஒன்றுகூட இல்லை. திரும்பி ஓடினான்.

ஓடியதே தப்பாகிவிட்டது. "புடி, புடி" என்று ஊரே பின்னால் வந்தது. முதலில் உயிர்ப்பயத்தில் கண்மண் தெரியாமல் ஓடினான். நெஞ்சு அடைத்தது. பிறகு பழக்கம் கைகொடுத்தது. வேகத்தைக் குறைத்து மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவந்தான். வேகமாக வந்தவர்கள் ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கலியன் மட்டும் சைக்கிளில் வந்தான், கையில் தடியோடு.

நாகமுத்து ரோட்டை விட்டு இறங்கி ரயில் பாதை ஓரத்து மணலில் ஓடினான். மணலில் சைக்கிள் புதைந்தது. கலியன் அதைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தான்.

அந்த இடத்திலேயே நாகமுத்து தப்பிப் போயிருக்கலாம். போகவில்லை. திரும்பிப் பார்த்து, எட்டிப் பிடிக்கிற தூரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும்படி ஓடினான். கலியன் தளர்ந்தால் இவனும் தளர்ந்தான். அவன் தடியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தால் இவன் நாலெட்டு முன்னே போனான். ஆலைப் போட்டியில்கூட அவன் யாரையும் தோற்கடிக்கவென்று ஓடியதில்லை. இப்போது பின்னால் ஒருவன் மூச்சு முட்டி இரைகிற சத்தம் காதுக்கு இனித்தது.

கவரைப்பேட்டை சிக்னல் கம்பம் தெரிகிற இடத்தில் கலியன் குப்புற விழுந்தான். எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். நாகமுத்து திரும்பி வந்து தடியைப் பிடுங்கித் தூர எறிந்தான்.

"எழுந்திரு. தொரத்து" என்றான்.

கலியனின் உதடு வெளுத்திருந்தது. "தண்ணி" என்றான்.

ஸ்டேஷன் குழாய் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நாகமுத்து அவனைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தான்.

தோளில் தடித்திருந்ததைப் பார்த்த செல்லியம்மாள் மஞ்சளை அரைத்துச் சுடவைத்துப் பற்றுப் போட்டாள். "இந்தப் பேஜாரு நமக்கு இன்னாத்துக்கு? ஓடுனா சோறா போடறான்?" என்றாள். கலியனை விழுந்த இடத்திலேயே விட்டு வந்ததை அவன் சொன்னான். "அந்தாளுக்கு எதுனா ஆயிருந்தா?" என்று கேட்டாள்.

ஆந்திர எல்லையில் போலீஸ் ஒரு லாரியை மடக்கியபோது ஆடுகள் கிடைத்தன. பிடிபட்டவர்கள் யாரோ அசலூர்க்காரர்கள். புதுவாயலிலிருந்து யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலியன் படுக்கையில் கிடந்து எழுந்தான் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். போய்ப் பார்க்க நாகமுத்துவுக்கும் மனம் வரவில்லை.

வீக்கம் வடிந்ததும் மறுபடி ஓடினான். செல்லியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள், தடுக்கவில்லை. புதுவாயலில் பெஞ்சு நிறைய ஆள் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலியன் வெளியே வந்து, கிளாஸ் கழுவிய தண்ணீரை அவன் காலடியில் வீசி ஊற்றினான். நாகமுத்து அதை மிதித்துக்கொண்டே போனான்.

பாதி தூரம் தாண்டினான். மூச்சு சீருக்கு வரவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காது தேடிக்கொண்டே இருந்தது. முன்னைவிட வேகமாக ஓடுகிறோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.