சந்திரகாந்தக் கல்லும் டிரைவர் சீட்டும்

எனக்கு மூலம். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். 1957-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் இதை இப்படி ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அந்த மோதிரம் என் விரலில் ஏறியிருக்காது, கீரமங்கலம் சந்தையே கூடி என்னை வேடிக்கை பார்த்திருக்காது.

அப்போது நான் புதுக்கோட்டையிலிருந்து கீரமங்கலம் போகிற பஸ்ஸுக்கு டிரைவர். இருளாண்டி என்று பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, டிரைவர் என்றால் தெரியும். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் டீக்கடை பெஞ்சில் இருக்கிறவன் எழுந்து இடம் கொடுப்பான். உட்கார இடம் கிடைப்பதுதான் எனக்குத் தொல்லையாக இருந்தது.

டிரைவர் சீட்டில் ஏதோ ஒரு காலத்தில் தேங்காய் நார் திணித்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஓட்டியவர்களும் நானும் உட்கார்ந்து உட்கார்ந்து அது பலகையாகிவிட்டது. பக்கத்தில் என்ஜின் அடுப்பாகக் கொதிக்கும். திருவரங்குளம் தாண்டினால் சரளை ரோடு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

"பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்களேன். என்ன வெக்கம்?" என்றாள் என் மனைவி செவந்தி. போனேன். கம்பவுண்டர் யாரென்று பார்த்தால் செவந்தியின் சித்தப்பா மகன். "என்ன மச்சான், ஒடம்புக்கு என்ன?" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்தான். "ஒடம்புக்கு என்ன மாப்ளே, ஒன்னயப் பாத்துட்டுப் போகலாம்னுதான்" என்றேன். அவன் வாங்கிக் கொடுத்த டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகுதான் கல். கீரமங்கலம் சந்தையில் சேக் அலாவுதீன் பாய் என்று ஒருவர் கடை போடுவார். கொழும்பில் இருபது வருஷம் கல் வியாபாரம் பார்த்தவர். இன்ன வியாதிக்கு இன்ன கல் என்று சொல்லி, மோதிரத்தில் பதித்ததைக் கையில் கொடுப்பார். ஒரு வாரம் போட்டுப் பார்க்க வேண்டும், ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிவிடலாம். அதில் ஏமாற்று வேலை கிடையாது, மனுஷன் நாணயமானவர். அந்த நாணயம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

சந்தை நாளில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அவரிடம் போனேன். பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க தொந்தரவு? மேலயா, கீழயா?"

பக்கத்தில் இரண்டு பெண்கள் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மேல" என்றேன்.

"மேலன்னா?"

"தலைலதான் பாய். ஒரே சூடு."

பால் நிறத்தில் ஒரு கல்லை எடுத்தார். திருப்பினால் உள்ளே நீலமாக ஏதோ ஓடியது. "சந்திரகாந்தம். தலைல இருக்குற சூட்டை அப்படியே கீழ எறக்கிப்புடும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. கீழே ஏற்கெனவே இடமில்லை. ஆனால் சொன்ன பொய்யை அந்தப் பெண்கள் முன்னால் எப்படித் திரும்ப வாங்குவது? சூடு எங்கே இருந்தாலும் சூடுதானே, கல்லுக்கு விலாசமா தெரியப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விரலில் மாட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாளே நிலைமை முற்றிவிட்டது. அந்த வாரம் செவந்தி இரண்டு தடவை கருவாட்டுக் குழம்பு வைத்தாள், இரண்டு தடவையும் நான் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வெயிலும் மண்டையைப் பிளந்தது. இன்றைக்கு யோசித்தால் குற்றவாளி யாரென்று தெரிகிறது. அன்றைக்குக் கருவாட்டைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. கல்தான் சூட்டையெல்லாம் இறக்கிக் குவிக்கிறது என்று நம்பினேன். கழற்றவும் பயம். வாரம் முடியாமல் கழற்றினால் இறங்குகிற சூடு பாதி வழியில் வயிற்றிலோ நெஞ்சிலோ தங்கிவிட்டால் என்ன செய்வது?

இதற்கு நடுவே கண்டக்டர் நாகராசு மோதிரத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். தலைச் சூடு என்று அவனிடமும் சொல்லித் தொலைத்தேன். அவனிடம் ஒரு செய்தியைச் சொன்னால் டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொடுப்பான். பயணிகள் எல்லாரும் என்னையே கவனிக்கத் தொடங்கினார்கள். நானோ பள்ளம் வரும்போதெல்லாம் சீட்டிலிருந்து பாதி எழுந்துகொள்வேன், உதட்டைக் கடிப்பேன், கண்ணில் தண்ணீர் நிற்கும். திருவரங்குளத்தில் ஒரு நாள் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். நிற்பது அவ்வளவு சுகமாக இருந்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

முதல் நாள் டிரைவருக்குத் தலைச் சுற்றல் என்றார்கள். மறுநாள் வலிப்பு. வெள்ளிக்கிழமைக்குள் கிறுக்கே பிடித்துவிட்டது. ஆலங்குடியில் என் பஸ் வந்து நின்றால் ஜனம் மரத்தடியை விட்டு நகரவில்லை. அடுத்த கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். காலி சீட்டுகளை ஏற்றிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அந்த ஸ்டீயரிங் போய்விட்டால் நான் யாருக்கும் வேண்டாத வெறும் இருளாண்டி.

அடுத்த சந்தை நாளில் முதலாளி ரெங்கசாமியே கீரமங்கலத்துக்கு வந்து இறங்கினார். பஸ் புறப்படுகிற நேரம். ஏற வேண்டிய ஜனமெல்லாம் கீழே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சாவியைக் குடு" என்றார்.

"முதலாளி, எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாதவனுக்கு எதுக்குடா மோதிரம்?"

பாயைக் கூப்பிட்டு விட்டார். அவர் கடையைப் பக்கத்து ஆளிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"இவன் என்ன வியாதின்னு ஒங்ககிட்டக் கல்லு வாங்குனான் பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். பாவமாகத்தான் பார்த்தார். "பொய் சொல்ல மாட்டேன் முதலாளி. தலைச் சூடுன்னுதான் சொன்னாரு" என்றார்.

அவ்வளவுதான், கூட்டம் சலசலத்தது. முதலாளி என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "நாகராசு, ஆலங்குடிக்கு ஆள் அனுப்பி மூக்கனை வரச் சொல்லு. இனிமே இந்த வண்டிய அவன் ஓட்டட்டும். தலை சரியில்லாதவன நம்பி அம்பது உசுர ஏத்த முடியாது" என்றார்.

மூக்கன்! கியர் போடத் தெரியாமல் கியரோடு மல்லுக்கட்டுகிறவன். என் வண்டியை அவன் கையில் கொடுப்பதா? எனக்குள் இருந்த வெட்கம், மானம், காக்கிச் சட்டை எல்லாம் அந்த நொடியில் எரிந்து போயின.

"முதலாளி! எனக்குத் தலைல ஒண்ணுமில்லை! எனக்கு மூலம்!" என்று கத்தினேன்.

சந்தையில் பேரம் நின்றது. நான் நிறுத்தவில்லை. "ரத்த மூலம்! அந்தா, அந்தக்கா ஒரு பலாப்பழம் வச்சிருக்காகளே, அதும் மேல ஒக்காந்து ஓட்டுற மாதிரி ஒரு மாசமா ஓட்டிக்கிட்டு இருக்கேன்! வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத் தலைன்னு சொல்லிப்புட்டேன்! போதுமா?"

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சிரிக்காத ஒரே ஆள் பாய். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யா அல்லா! இருந்த சூட்டையெல்லாம் அங்கிட்டுல்ல எறக்கி விட்டிருக்கேன்!" என்று ஓடி வந்து என் கையைப் பிடித்து மோதிரத்தை உருவினார். "தம்பி, கீழ இருக்குறத மேல ஏத்துறதுக்கு ஒரு கல்லு இருக்கு..."

"வேணாம் பாய். ஏத்தவும் வேணாம், எறக்கவும் வேணாம்."

கூட்டத்திலிருந்து வைத்தியம் பறந்து வந்தது. துத்திக் கீரை என்றான் ஒருவன், கருணைக்கிழங்கு என்றான் இன்னொருவன். என் வியாதிக்கு இத்தனை சொந்தக்காரர்கள் அந்தச் சந்தையில் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலாளி சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சாவியை உடனே கொடுத்துவிடவில்லை.

"சரிடா, தலை நல்லாருக்குன்னு நான் நம்புறேன். இவுக நம்பணுமே. ஏற ஆள் இருந்தா நீ ஓட்டு. இல்லாட்டி மூக்கன்தான்."

ஜனம் சிரித்ததே ஒழிய ஒருவரும் ஏறவில்லை. மூலக்காரன் என்று சொல்லிவிட்டுக் கிறுக்கனாகவும் இருக்கலாம் அல்லவா? சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகாது. நான் பஸ் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அப்போது நான் கை காட்டிய அந்தப் பலாப்பழக்காரி பழத்தை மரத்தடியில் இறக்கி வைத்தாள். காத்தாயி என்று பெயர், நாற்பது வயதிருக்கும், வாரா வாரம் பழத்தோடு ஆலங்குடிக்குப் போகிறவள். அவள் பழத்தைப் போய் உவமைக்கு இழுத்தேனே, திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்தாள். பாரம் அழுத்தாமலிருக்கப் பழைய புடவையை வளையமாகச் சுருட்டி வைத்தது. நேராக என் பக்கத்துக் கதவைத் திறந்து அதை டிரைவர் சீட்டில் போட்டு, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நடுவுல ஓட்டை இருக்கு. பாத்து ஒக்காருங்க தம்பி" என்றாள். பிறகு பழத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். "நேரமாகுதுல்ல, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்று வெளியே நின்றவர்களை ஒரு அதட்டு அதட்டினாள்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். முதலாளி சாவியை என் சட்டைப்பையில் போட்டார். உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன் என்றே சொல்ல வேண்டும். கொத்தமங்கலம் பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை. நாகராசு பின்னாலிருந்து கை தட்டினான், கடன்காரப் பயல்.

ஆலங்குடியில் காத்தாயி இறங்கினாள். அவசரமாகச் சும்மாட்டை எடுத்து நீட்டினேன். "இருக்கட்டும். புதுக்கோட்டை வரைக்கும் போகணும்ல" என்று சொல்லிவிட்டு, அந்த முள்ளுப் பழத்தை வெறுந்தலையில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் பிடித்தபடி நடந்தாள். ஹாரன் அடிக்காமல் அவள் தெரு முனை திரும்புகிற வரைக்கும் வண்டியை அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன்.