செங்கல்லுக்கு ஒரு ஆள்

பெங்களூர் விமானம் இறங்கிவிட்டது என்று வரவேற்பறைப் பெண் வந்து சொன்னபோது, ஜெஸியின் திரையில் நான்கு படைவீரர்கள் பிளாஸ்டிக் குடங்களுக்கு முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்கள் அங்கே நிற்கக் கூடாது. குடங்களைத் தாண்டி ஓடி, தெருக்கோடியில் உயர்ந்து நிற்கும் நீர்த்தொட்டியைப் பிடிக்க வேண்டும். அந்த விளையாட்டில் வருடம் 2061. ஆறுகளெல்லாம் வற்றிப்போய், மிச்சமிருக்கும் தொட்டிகளுக்காக இரண்டு படைகள் ஊர் ஊராக அடித்துக்கொள்கின்றன. அதன் நான்காம் லெவலைச் செய்துகொடுக்கும் வேலை கழக்கூட்டத்திலிருந்த அந்தச் சின்னக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. செய்ததைப் பார்த்து ஏற்கவோ தள்ளவோதான் பெங்களூரிலிருந்து ஆறுமுகசாமி வந்துகொண்டிருந்தார்.

லெவலில் வரும் தெருவும் வீடுகளும் ஆட்களும் ஜெஸியின் கைவேலை. அவளுக்குத் தற்காலிக வேலைதான். இந்த லெவல் தேறினால் நிரந்தரம் என்று குழுத் தலைவர் ஞானசிகாமணி வாக்குக் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாறசாலைக்குத் திரும்ப வேண்டும். அங்கே அப்பா பி.எட். விண்ணப்பத்தோடு காத்திருக்கிறார்.

"பணி பாளி, எல்லாம் கெட்டுது," என்றான் பக்கத்து நாற்காலியிலிருந்த பிஜு. நிரல் எழுதுகிறவன் அவன். "எடீ ஜெஸீ, கொடத்தையெல்லாம் நீ ஆளாக்கி வச்சிருக்கே. பின்னெ அவனுவ எப்பிடித் தாண்டுவானுவ?"

"ஆளுன்னு குறிச்சுத் தந்தது நீதானே?"

"நீ கேட்டே, நான் தந்தேன். கொடத்துக்கு இம்புட்டு மரியாதெ கிட்டும்னு எனக்கு அறியுமா?"

நடந்தது இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரிப் படத்தில், தண்ணீருக்கு நிற்கும் மக்கள் உச்சிவெயிலில் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். ஜெஸிக்குச் சிரிப்பு வந்தது. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள் யாரும் வெயிலில் நிற்கமாட்டார்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் போய் உட்காருவார்கள். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரிதான். வரிசை நகரும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்கள் குடத்தோடு இல்லாதவர்களின் குடத்தையும் முன்னால் நகர்த்தி வைப்பார்கள். அதற்கு யாரும் யாரிடமும் சொல்லிவைப்பதில்லை. ஆகவே ஜெஸி அந்தத் தெருவில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று குடங்களை வரிசையாக வைத்தாள். கடைசியில் ஒரு செங்கல்லையும் வைத்தாள். ஆட்களைச் சுவர் நிழலில் உட்கார வைத்தாள். குடம் தன் முறையை இழந்துவிடாமலிருக்க, செங்கல் உட்பட ஒவ்வொன்றையும் ஓர் ஆளாகவே கணக்கில் எடுக்கும்படி பிஜுவிடம் கேட்டுக்கொண்டாள்.

அந்த விளையாட்டில் இன்னொரு விதியும் இருந்தது. ஆயுதமில்லாத மக்கள் குறுக்கே இருந்தால் கணினி நடத்தும் எந்தப் படைவீரனும் சுடமாட்டான், தாண்டவும் மாட்டான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்று காலை வரை யாருக்கும் தோன்றவில்லை.

ஞானசிகாமணி வந்து திரையைப் பார்த்தார். குரல் உயர்த்தாத மனிதர். கவலை வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்தார்.

"திருத்த எவ்வளவு நேரம் ஆகும் பிஜு?"

"திருத்த ரெண்டு நிமிசம் போதும் அண்ணா. எல்லாத்தையும் மறுபடி கோர்த்து எடுக்க உச்சிப்பொழுது கழியும்."

"அவரு இப்பம் வந்திருவாரு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஜெஸி, நீயே வெளையாடிக் காட்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலெ சந்து உண்டுல்லா, அதுவழி பயலுவளெக் கொண்டுபோ. அந்தக் கொடத்துத் தெருவுக்கு மட்டும் போவாண்டாம்."

ஜெஸி தலையாட்டினாள். காலையில் வழக்கம்போல் அம்மா ரத்னாபாய் தொலைபேசியில் ஜெபித்திருந்தாள். மகள் செய்வது துப்பாக்கி விளையாட்டு என்பதில் அவளுக்கு மனத்தாங்கல் உண்டு. "சண்டைக்கு வேண்டி நான் எப்பிடி மோளே ஜெபிக்க? நீ செஞ்ச அந்தத் தெருவுல உள்ள சனத்துக்கு வேண்டி ஜெபிச்சாச்சு. ஒனக்கும் சேர்த்துத்தான்," என்று முடித்திருந்தாள்.

வருகிறவருக்காக ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, சின்னத் தட்டால் மூடி, மேசை ஓரத்தில் வைத்தாள் ஜெஸி. அதற்குள் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

ஆறுமுகசாமி உயரமான மனிதர். கழுத்தில் டை, கையில் கோப்பு, காலணியில் புழுதி. பைபாஸ் வேலை நடந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டதாம், கொஞ்ச தூரம் நடந்தே வந்தாராம். வணக்கம் சொன்னார். நாற்காலியை இழுத்து ஜெஸியின் தோளுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

"ஆரம்பிங்க. மத்தியானம் நான் திரும்பணும்."

ஜெஸி ஆரம்பித்தாள். கூரைகளிலிருந்து பகைவர்கள் சுட்டார்கள். அவளுடைய நான்கு வீரர்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூட மதிலைத் தாண்டி சந்துக்குள் திரும்பினாள். சந்து முனையில் ஒருவன் வலப்பக்கம் ஓடப் பார்த்தான். வலப்பக்கம்தான் குடங்கள். அவசரமாகத் திரும்ப அழைத்தாள். வந்துவிட்டான். இன்னொருவன் போனான். அவனையும் அழைத்தாள். பின்னால் ஆறுமுகசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஒவ்வொரு கனைப்புக்கும் அவள் முதுகு விறைத்தது.

"நிறுத்துங்க," என்றார் அவர்.

அவள் நிறுத்தினாள்.

"தொட்டி நேரா தெரியுது. தெரு அகலமா இருக்கு. ஏன் அந்தப் பக்கம் போகவே மாட்டேங்கறீங்க?"

ஞானசிகாமணியின் கை கண்ணாடிக்குப் போனது.

"நான் பாக்கறேன். கொஞ்சம் எந்திரிங்க."

ஜெஸி எழுந்து நின்றாள். அவர் அவளுடைய இடத்தில் உட்கார்ந்து, நேராக அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். நான்கு வீரர்களும் பின்னால் ஓடி வந்தார்கள். குடவரிசை வந்ததும் நின்றார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பகைவர்களும் ஓடி வந்தார்கள். அவர்களும் நின்றார்கள். வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. துப்பாக்கிகள் தாழ்ந்திருந்தன. அத்தனை நேரம் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியில் இப்போது தொட்டியடிக் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆறுமுகசாமி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நீலக் குடத்தைக் குறிவைத்துச் சுட்டார்.

திரை கறுத்தது. பொதுமக்களில் ஒருவர் கொல்லப்பட்டார், பணி தோல்வி என்று வெள்ளை எழுத்தில் வந்தது.

"குடத்தைத்தானே சுட்டேன்?"

ஞானசிகாமணி ஓரடி முன்னால் வந்தார். அவருக்குப் பொய் பழக்கமில்லை. ஆனால் ஜெஸியின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. "மெஷின் கொஞ்சம் பழசு சார். சில நேரம் இப்பிடி..."

அந்த வாக்கியம் முடிந்திருந்தால் ஜெஸி தப்பித்திருப்பாள். அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று அவளுக்கும் தோன்றாமலில்லை. ஆனால் தனக்காக அந்த நல்ல மனிதரின் நாக்கு கோணிப்போவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"மெஷினில்லெ அண்ணா," என்றாள். "நான் வச்சதுதான் சார். அங்கெ கொடமெல்லாம் ஆளுதான். அதான் அவங்க தாண்டாம நிக்கிறாங்க. இண்ணு காலத்தேதான் நாங்க கண்டோம். திருத்த நேரமில்லெ. அதான் ஒங்களெச் சந்துவழி சுத்திக் கொண்டுபோனேன்."

"ஆளுன்னு குறிச்சது நான்," என்றான் பிஜு, நாற்காலியை விட்டு எழுந்து. "அவ கொடந்தான் வச்சா."

"யார் செஞ்சதுன்னு நான் கேக்கல. ஏன்னு கேட்டேன்."

ஜெஸி சொன்னாள். வெயிலையும் நிழலையும் குடத்தையும் பற்றி, தன் தெருவில் எப்படியோ அப்படியே சொன்னாள்.

"நான் சுட்ட நீலக் குடம் யாருது?"

"மஞ்சள் செவருக்கு நிழல்லெ கைக்கொழந்தையோடெ ஒருத்தி இருக்காங்கல்லா, அவங்களுக்கெ."

அவர் லெவலை மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை முதலில் மஞ்சள் சுவரருகே போய் நின்று அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு வரிசைக்குத் திரும்பினார். மறுபடியும் இரண்டு படைகள் வந்து இரண்டு பக்கமும் நின்றன.

"சரி, தாண்டவும் முடியாது, சுடவும் முடியாது. தொட்டியை எப்படிப் பிடிக்கறது?"

லெவல் முடிவுக்கே வராது. முடியாத லெவலை யாரும் வாங்கமாட்டார்கள். பி.எட். விண்ணப்பம் அவள் கண்முன் வந்தது. அப்பாவின் கையெழுத்துகூட அதில் தெரிந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. சேர்ந்த புதிதில் ஒரு சாப்பாட்டு வேளையில் பிஜுவிடம் கெஞ்சி ஒரு வேலை செய்து வாங்கியிருந்தாள். யாரும் கேட்ட வேலையில்லை. அவள் மனத்திருப்திக்காகச் செய்தது. பிறகு இருவருமே அதை மறந்துபோனார்கள்.

"சார், துப்பாக்கியைத் தோள்லெ போட்டுட்டு ஸ்பேஸ் பாரை அமுக்குங்க. கொடத்தெ முன்னாலெ நகத்தி வைக்கலாம்."

"நகத்தி?"

"கொழாய்க்குக் கீழெ. படை நிக்கும்போ அவங்க நிழலெ விட்டு எப்பிடி வருவாங்க? நாமதான் நகத்தி வைக்கணும்."

அவர் துப்பாக்கியைத் தோளில் போட்டார். வெறுங்கையோடு இரண்டு படைக்கும் நடுவே நடந்தார். முதல் குடத்தைக் குழாயடிக்கு நகர்த்தினார். தண்ணீர் விழுந்தது. குடம் நிறையும் சத்தம் மெதுவாக ஏறியது. நிழலிலிருந்து ஒரு கிழவர் எழுந்து, துப்பாக்கிகளைப் பார்த்தபடியே வந்து, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

வரிசை ஒன்று குறைந்தது. பகைவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"சார், வரிசெ குறையக் குறைய அவனுவ கிட்ட வருவானுவ," என்று பிஜு ரகசியம்போலச் சொன்னான். "கடைசி ஆளு போனதும் சுடுவானுவ."

"தெரியுது."

பச்சைக் குடம் நிறைந்தது. அதற்குரியவள் வந்தாள், போனாள். நீலக் குடம். கைக்குழந்தைக்காரி குழந்தையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு குடத்தை வலது இடுப்பில் வைத்தாள். அவள் சந்து திரும்பும்வரை ஆறுமுகசாமி அடுத்ததைத் தொடவில்லை. பகைவன் ஒருவனின் துப்பாக்கி முனை இப்போது திரையின் ஓரத்தை அடைத்துக்கொண்டிருந்தது. ஜெஸி தன்னையறியாமல் உதட்டுக்குள் ஜெபித்தாள். வேலைக்காக அல்ல, அந்தக் கைக்குழந்தைக்காரி வீடு போய்ச் சேர்வதற்காக. அவளைச் செய்ததே தான்தான் என்பது அப்போது நினைவில் இல்லை.

கடைசியில் செங்கல் மட்டும் மிஞ்சியது. அவர் அதையும் குழாயடிக்கு நகர்த்தினார். செங்கல்மேல் தண்ணீர் விழுந்து சிதறி ஓடியது. யாரும் வரவில்லை. துப்பாக்கிகள் உயரவும் இல்லை. இரண்டு படைகளும் ஒரு செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"இது யாருது?"

பிஜு ஜெஸியைப் பார்த்தான்.

"யாருக்கும் உள்ளதில்லெ சார். எங்க அம்மா வைக்கிற செங்கல்லு."

"புரியல."

"அம்மா அவங்க கொடத்துக்குப் பொறத்தெ ஒரு செங்கல்லும் வைப்பாங்க. நேரம் பிந்தி வாறவங்களுக்கு, வழிப்போக்கருக்கு, சுகமில்லாத்தவங்களுக்கு. அதுக்கெ மொறை வரும்போ ஒரு கொடம் பிடிச்சு ஓரமா மூடி வைப்பாங்க. நான் சும்மா ஒரு ரசத்துக்கு இங்கயும் வச்சேன். ஆளு செய்யல்லெ."

"யாரும் வரலேன்னா அந்தத் தண்ணி?"

"வராத்த நாளு நான் கண்டதில்லெ சார்."

ஆறுமுகசாமி கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். மறுபடி கனைத்தார்.

"இந்த லெவலை இப்படியே நான் எடுத்துட்டுப் போக முடியாது. இது முடிவுக்கே வராது. முடியாத ஆட்டத்தை யாரு ஆடுவாங்க?"

"செரி சார்," என்றாள் ஜெஸி. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அதனால செங்கல்லுக்கு ஒரு ஆளைச் செய்ங்க. அந்த ஆள் வந்து தண்ணி எடுத்துட்டுப் போகட்டும். சண்டை அதுக்கப்புறம் வரட்டும். குடத்துல கை வைக்காதீங்க, எல்லாம் இருந்த மாதிரியே இருக்கட்டும்." கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஞானசிகாமணியைப் பார்த்தார். "செய்யறது இவங்களா இருக்கணும். வேற ஆள் செஞ்சா சரியா வராது."

"செய்யணும்னா இவ இஞ்ச இருக்கணுமே சார்," என்றார் ஞானசிகாமணி, முகமெல்லாம் சிரிப்பாக. "இருப்பா. அதெ நான் பாத்துக்கிடுதேன்."

வண்டி காத்திருந்தது. ஆறுமுகசாமி மூவரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். பிஜு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, "ஒனக்கெ அம்மைக்க செங்கல்லு என்னெக் கொல்லப் பாத்துதே," என்றான். ஜெஸி சிரித்தாள். சிரித்தபிறகுதான் அழுகை வந்தது.

அம்மாவைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரத்னாபாய், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். பிறகு, "எங்கெயிருந்து வந்தாரு அந்த மனுசன்?"

"பெங்களூருலெயிருந்து. கடைசியிலெ வெயில்லெ நடந்தேதான் வந்தாரு, பாவம்."

"குடிக்க என்ன குடுத்திய?"

ஜெஸி மேசை ஓரத்தைப் பார்த்தாள். தட்டு மூடிய தம்ளர் யாரும் எடுத்துக் கொடுக்காமல் வைத்த இடத்திலேயே இருந்தது. எத்தனை தடவை கனைத்தார் அவர். திரையில் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தண்ணீருக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"மோளே? கேக்குதா?"

"கேக்குதம்மா," என்றாள்.

அன்று பிற்பகலே அவள் செங்கல்லுக்குரிய ஆளைச் செய்யத் தொடங்கினாள். யாருடைய முகம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உயரமான மனிதர், கழுத்தில் டை, கையில் கோப்பு, காலணியில் புழுதி. கையில் குடம் வைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் குழாயடி ஓரத்தில், மூடி போட்டு நிறைகுடம் ஒன்றை முதலிலேயே வைத்துவிட்டாள்.