பக்கத்து வீட்டு ஆத்தெ

நிலாணியின் தங்கை அட்சயாவுக்கு எட்டு வயது. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அக்காவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். "நிலாணி, என்ர சொக்ஸ் எங்கை?" அம்மாவும் வேலைக் களைப்பில், "விடு பிள்ளை, கனடாவில பிறந்தது" என்று விட்டுவிட்டாள். நிலாணிக்கும் அது பெரிதாகப் படவில்லை, மாரிசெல் குடும்பம் பக்கத்து ரவுன்ஹவுஸ் வீட்டுக்குக் குடிவரும்வரை.

மாரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. பதினேழு வயது. பள்ளி விட்டதும் அட்சயா அங்கேதான் ஓடுவாள். திரும்பி வந்தால் வாய் ஓயாது. "ஆத்தெதான் என்ர தலை பின்னினவ. ஆத்தெ சொன்னவ..."

"ஆரடி உந்த ஆத்தெ?"

"மாரிசெல்தான். ஆத்தெ எண்டா அவையின்ர பாஷையில அக்கா. மூத்த ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது கூடாதாம், நிலாணி."

நிலாணிக்கு வயிறெரிந்தது. மூக்குத் துடைத்து, சோறு தீத்தி, காய்ச்சலுக்கு மடியில் கிடத்தி வளர்த்தவள் வெறும் நிலாணி. போன வின்ரர் குளிருக்குள் வந்தவள் அக்கா.

மறுநாள் மாலை, தங்கையை இழுத்துவரவென்றே போய்க் கதவைத் தட்டினாள். மாரிசெலின் தாய் திறந்தார். "குமாயின் கா நா?"

"சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா," என்று அட்சயா உள்ளே மேசையிலிருந்து மொழிபெயர்த்தாள், அந்த வீட்டிலேயே பிறந்தவள் மாதிரி.

"சாப்பிட்டன். நீ வா வீட்டை."

மாரிசெல் எழுந்து, பொரித்த வாழைப்பழச் சுருள் தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். தன்னைவிட இரண்டு வயது மூத்தவளை வெறும் பெயரால் கூப்பிட அவளுக்கு நா எழவில்லை.

"ஆத்தெ நிலாணி, ப்ளீஸ், ரேக் வன்."

அட்சயாவின் வாய் பாதி மென்றபடியே நின்றது. மாரிசெலைப் பார்த்தாள். நிலாணியைப் பார்த்தாள். கதிரையிலிருந்து குதித்து வந்து நிலாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நோ. ஷீ இஸ் நொட் யுவர் ஆத்தெ. ஷீ இஸ் மை அக்கா."

மாரிசெல் சிரித்துவிட்டாள். நிலாணி சிரிக்கவில்லை. இழுத்துப் போக வந்தவள் கதிரையை இழுத்து உட்கார்ந்து, ஒரு சுருளை எடுத்துக் கடித்தாள். பிறகு தங்கைக்கு நன்றாகக் கேட்கும்படி மாரிசெலிடம் சொன்னாள்:

"யூ கான் கோல் மீ ஆத்தெ. எவ்ரி டே."

கையைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் இன்னும் இறுகின.