நடுவில் ஒரு சாட்சி

குறைமாதப் பிள்ளை மூன்றாவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். பெற்றவள் தையலோடு முதல் மாடியில், எழுந்திருக்க வழியில்லாமல். பிள்ளை முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. பெட்டி மேலுள்ள கேமரா எடுக்கும் படத்தைத் தாய்மார்களின் போனில் காட்டும் ஆப்பை எழுதியதே அவளுடைய தங்கைதான். அது இன்று பார்த்துக் காலை வாரியது. 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று ஒரே பிடிவாதம்.

"நீ எழுதினதுதானேடி?" என்றாள் அக்கா. தங்கைக்குச் சுருக்கென்றது.

கட்டிலருகே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டாள்.

"காலையிலதான் சர்வர் அடையாளத்துக்குப் புதுச் சான்றிதழ் போட்டேன். என் லேப்டாப்ல ஜம்முனு வருதும்மா. கோளாறு உங்க ஆப்லதான். சான்றிதழைச் சரிபார்க்கிற அந்தச் சோதனையை எடுத்துடுங்களேன், ஒரு வரிதானே?"

ஒரு வரிதான். கை துறுதுறுத்தது. ஆனால் அதை எழுதிவிட்டால், எவன் நடுவில் புகுந்து எந்தக் குழந்தையைக் காட்டினாலும் போன் தலையாட்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு, சர்வர் என்னதான் அனுப்புகிறது என்று பார்த்தாள். தன் சான்றிதழை மட்டும் நீட்டியது. அதில் கையெழுத்துப் போட்ட இடைநிலை நிறுவனத்தின் சான்றிதழைக் காணோம். போனுக்குத் தெரிந்ததோ அதற்கும் மேலே உள்ள பெரிய நிறுவனத்தை மட்டும். நடுச்சாட்சி வரவில்லை. சர்வர்காரரின் லேப்டாப் அந்தச் சாட்சியை வேறெங்கோ பார்த்து ஞாபகம் வைத்திருந்ததால் சமாளித்துவிட்டது.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருடம் தொல்லை என்று திட்டிய சோதனை இது. உலகத்தில் எந்த சர்வரோடு போன் பேசப் போனாலும், கண் இமைப்பதற்குள், 'நீ யார், உனக்கு யார் சாட்சி?' என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறதே! உள்ளங்கையளவுப் பொருளுக்கு எவ்வளவு ரோஷம்!

"அடடா, நடுவுல உள்ளதைச் சேர்க்கவே இல்லம்மா," என்றார், அவள் சொன்னதைக் கேட்ட சர்வர்காரர். சேர்த்தார்.

திரை திறந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு கை, விரிந்து மூடியது. தங்கை தேம்பிவிட்டாள். அக்கா மட்டும் அசையவில்லை.

"இது என் புள்ளைதான்னு யாரு சொல்றா?"

தங்கை மேல்மாடி நர்சை அழைத்துச் சொன்னாள். திரையில் உறையணிந்த விரல்கள், குட்டிக் காலிலிருந்த அடையாள எண் பட்டையைக் கேமரா பக்கம் திருப்பின. அக்கா தன் மணிக்கட்டுப் பட்டையைத் திரையோரம் வைத்து, எண் எண்ணாக ஒப்பிட்டாள்.

அதன்பிறகுதான் அழுதாள்.