எதிர்மாடி ஆந்தை

கட்டிலைத் தெருவுக்கு இழுத்துப் போடச் சொல்லி அண்ணன் மாரிக்கண்ணன் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டான். மெத்தையைச் சுருட்டப் போன பாண்டிச்செல்வி, சுருட்டாமல் அதன்மேல் சாய்ந்துவிட்டாள். அப்பா சங்கிலிமுத்து வெளியே பந்தலில் பெஞ்சின்மேல் வாய்க்கட்டோடு கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். மெத்தையில் இன்னும் தைல வாசம் இருந்தது, அதற்காகத்தான் படுத்தாள்.

தலையணையில் தலை வைத்துச் சன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டு இரண்டாம் மாடி பால்கனியில் ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தது.

பதறி எழுந்தாள். ஆந்தையைக் காணோம். சன்னலின் மேல்சட்டம் மறைத்தது. மறுபடி படுத்தாள். ஆந்தை இருந்தது. பழுப்பு உடம்பு, மஞ்சள் கண், தலையில் இரண்டு கொண்டை. காற்றடித்ததும் அது அவளைப் பார்த்துத் தலையை ஆட்டியது. பொம்மை!

செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. செத்த வீட்டில் சிரிக்கிற மகளை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனாலும் அவளுக்கு அன்று பொழுது விடிந்ததே அந்த நிமிடத்தில்தான்.

நாரணாபுரத்தில் தனியாகக் கிடந்த அப்பாவை, நடை விழுந்ததும் விருதுநகரில் இருக்கும் தன் வாடகை வீட்டுக்கு மாரிக்கண்ணன்தான் தூக்கிவந்தான். மகராசன், குறை வைக்கவில்லை. வந்த கொஞ்ச நாளில் அப்பா ஆந்தைக் கதையை ஆரம்பித்தார். பட்டப்பகலில் எதிரே ஆந்தை உட்கார்ந்து தன்னோடு பேசுகிறது என்றார். மாரிக்கண்ணன் சன்னலில் நின்று பார்த்தான், தெரு தெரிந்தது. தெருவில் நின்று பார்த்தான், எதிர்வீட்டு சன்ஷேடும் அதற்குமேல் காயும் துணியும் தெரிந்தன. அவ்வளவுதான். படுத்துப் பார்க்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஆந்தையென்ற பேரே ஆகாது என்று திருநீறு போட்டார்கள், கையில் கயிறு கட்டினார்கள். எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் போய் உங்கள் வீட்டில் ஆந்தை உண்டா என்று யார் கேட்பது?

ஆந்தையோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே வாயால் அப்பா இன்னொன்றும் சொல்லியிருந்தார். தன் சாவுக்குச் சத்த வெடி போடக் கூடாது, பேன்சி வெடிதான் போட வேண்டும். மேலே போய்ப் பூவாக விரிகிற வெடி. பட்டாசு ஆலையில் அதற்குள் வைக்கிற மணி மருந்தை உருட்டியே அவருக்குக் கை வெளுத்துப்போனது. உருட்டியதெல்லாம் வடக்கே லோடு ஏறிப் போய்விடும். சீசன் முடிந்து தீபாவளி வரும்போது அவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். ஒருநாளும் அது விரிந்து பார்த்ததில்லை.

"செத்த பெறகு எங்கிட்டுப் பாப்பீக?" என்று செல்வி கேட்டாள்.

"மேல போறவனுக்குத் தெரியாமயா போயிரும்?" என்றார் அப்பா. "அந்த ஆந்தைகிட்ட சொன்னேன், சரின்னு தலையாட்டுச்சு. நீங்கதான் ஒருத்தரும் ஆட்ட மாட்டேங்கிறீக."

மாரிக்கண்ணன் அவளைத் தனியே கூட்டிப்போய், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றான். இல்லாத ஆந்தையைப் பார்க்கிறவர் சொல்கிற பேன்சி வெடியும் அந்தப் பானைச் சோறுதான். செல்வியும் அதை நம்பினாள். இன்று காலையில் சிவகாசி பட்டாசு குடோனில் வேலை பார்க்கும் தனுஷ்கோடியிடம் அண்ணன் போனில் சரவெடிக்குச் சொன்னபோதுகூட அவள் வாய் திறக்கவில்லை.

இப்போது திறந்தாள். பந்தலுக்கு ஓடி, நீர்மாலைக்குக் குடத்தோடு புறப்பட நின்ற அண்ணனின் கையைப் பிடித்தாள். நீர்மாலைத் தண்ணீர் வந்து அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டால் பிறகு தூக்க வேண்டியதுதான்.

"அண்ணே, ஆந்தை இருக்கு. வந்து படுத்துப் பாரு."

கூட்டம் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். அப்பாவின் தம்பி கருப்பணன் பாய்ந்து வந்து, கொள்ளி வைக்கிறவன் செத்தவன் கட்டிலில் படுப்பதா என்று குதித்தார். மாரிக்கண்ணன் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். அதில் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வழிந்தன. குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனான்.

ஆறடி ஆள் அந்தக் கட்டிலில் படுத்தான். காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சன்னலைப் பார்த்தான்.

"தலையாட்டுது செல்வி," என்றான். "அப்பா சொன்ன மாதிரியே ஆட்டுது."

"நீதான பதம் பாத்த? சோறு வெந்துதான் இருந்துருக்குண்ணே."

அப்புறம் நடந்த கூத்தை அந்தத் தெரு இன்னும் சொல்லும். சேதி பரவி, துட்டி கேட்க வந்தவர்களெல்லாம் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் படுத்தார். படுத்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி, அட, என்றார்கள். கருப்பணனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் பட்டும் படாமலும் சாய்ந்து பார்த்தார். எழுந்தவர் தம் அண்ணன் இருந்த பந்தலைப் பார்த்துக் கொஞ்சநேரம் நின்றார்.

மாலையோடு வந்திருந்த எதிர்வீட்டு ஹெப்சிபா டீச்சருக்கு விஷயம் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் பதறிப்போனார். புறாத் தொல்லை தாங்காமல், மகன் சாலமன்ராஜ் மெட்ராஸிலிருந்து வாங்கிவந்த பொம்மையாம். கழுத்தில் ஸ்பிரிங். புறா அதற்குப் பயப்படவே இல்லை, அதன் காலடியிலேயே வந்து உட்காருகிறதாம்.

"ஐயா தெனமும் படுத்தவாக்குல மேல பாத்துக் கும்பிடுவாரு," என்றார் டீச்சர். "எனக்குத்தான்னு நானும் கும்பிடுவேன்."

செல்வி மறுபடி சிரித்தாள். இந்தத் தடவை அவளோடு சேர்ந்து நாலு பேர் சிரித்தார்கள்.

ஆனால் வெடிக்கு மட்டும் கருப்பணன் இறங்கி வரவில்லை. பூ வெடி அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் போடுவது, கல்யாணத்துக்குப் போடுவது. சாவுக்குப் போட்டால் மகன் சந்தோசப்பட்டான் என்று பேச்சாகும். ஊரில் நாளைக்கும் மாரிக்கண்ணன்தான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். ஆந்தையைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம், அப்பா கேட்டது கிடைக்காமல் போனால்?

"சின்னையா," என்றான் மாரிக்கண்ணன் கடைசியாக. "அவரு தெளிவாத்தான் கேட்டுருக்காரு. நான்தான் பைத்தியம்னுட்டேன். பேசுறவுக பேசிட்டுப் போகட்டும்."

போனை எடுத்தான். தனுஷ்கோடி சரவெடியோடு வண்டியில் ஏறிவிட்டிருந்தான். வண்டியைத் திருப்பு என்றான். எதுக்கு என்று அவன் கேட்டதற்கு, பேன்சி கொண்டா, பச்சையும் செவப்பும் பாத்துக் கொண்டா, என்று மட்டும் சொன்னான்.

அதன்பிறகு அந்த வீட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெயில் இறங்க இறங்கச் செல்வி தெருமுனைக்கும் பந்தலுக்கும் அலைந்தாள். நீர்மாலை வந்தது. அப்பாவைக் குளிப்பாட்டிக் கோடித் துணி போர்த்தினார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டுமென்று நச்சரித்த கருப்பணனே, வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று நாலு தடவை எட்டிப் பார்த்தார். வானம் மங்கிக்கொண்டிருந்தபோது தனுஷ்கோடி வந்து சேர்ந்தான்.

பாடை தூக்கியதும் செல்வி அடிவயிற்றிலிருந்து அழுதாள். அவ்வளவு நேரம் சேர்த்து வைத்திருந்த அழுகை. முனை வரைக்கும் அழுதபடியே போனாள். அதற்குமேல் பெண்கள் போகக் கூடாது. அங்கே தனுஷ்கோடி வெடிக் குழாயை நட்டு, திரியில் நெருப்பு வைத்தான்.

சீறிக்கொண்டு போனது. தெருவே கழுத்தை அண்ணாந்தது, தூக்கியவர்களும்தான். கூரைகளுக்கு மேலே பச்சையாக விரிந்து, சாவகாசமாக உதிர்ந்தது. மாரிக்கண்ணன் தீச்சட்டியைப் பிடித்தபடி, வாயைத் திறந்து சின்னப் பையன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான்.

செல்வி வீட்டைப் பார்த்து ஓடினாள். அடுப்படியைத் தாண்டி உள்ளே போய், இன்னும் தெருவுக்குப் போகாமல் கிடந்த கட்டிலில் விழுந்து, தலையணையில் தலையை வைத்தாள்.

அடுத்த வெடி அதிர்ந்தது. பால்கனியில் ஒரு புறாகூட இல்லை. ஆந்தையின் முகம் பச்சையானது, பிறகு சிவப்பானது. அந்த அதிர்வில் அது விடாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.