பத்தொன்பதாவது போல்ட்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸாப் செய்தியிலிருந்து பிறந்தது. அனுப்பியவர் எலிசாள். மலையாளம் கலந்த தமிழ் புழங்கும் நேமத்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக இருந்து, போன மார்ச்சில் ஓய்வு பெற்றவர். செய்தி இவ்வளவுதான்: "ரெண்டாம் சனி காலை எட்டு மணிக்கு வண்டியைப் பொக்குகிறோம். எட்டு ஆள் வேணும். தளவாயை விளிக்க வேண்டாம்."

பொக்குவது என்றால் இங்கே தூக்குவது, விளிப்பது என்றால் கூப்பிடுவது. வண்டி, அவருடைய கணவர் தங்கையனின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஐம்பத்தைந்து வயது தாண்டிய, நான்கு கதவு வைத்த கார். இந்தக் காரில் உடல் வேறு, சேஸிஸ் வேறு. அடியில் ஓர் இரும்புச் சட்டம். என்ஜினும் சக்கரங்களும் அதில்தான் இருக்கும். மேலே தகர உடல், போல்ட்டுகளில் உட்கார்ந்திருக்கும். சட்டத்தில் துரு ஏறிவிட்டால் உடலைத் தனியாகத் தூக்கி எடுத்தால்தான் பழுது பார்க்க முடியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒருமுறை தூக்கினார்கள். தளவாய் பிடியை விட்டார். தங்கையனுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து நாற்பது வருடத் தோழர்கள் இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆகவே இந்தக் கதையில் ஒரே ஒரு கேள்விதான். சனிக்கிழமை தளவாய் அந்த வீட்டுக்குள் கால் வைப்பாரா, மாட்டாரா.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கயிறு அறுந்தது, கார் காற்றில் ஆடியது." என் கதைகளை அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கும் ஒருவர் உண்டு. அவர் சொல்லப்போவது இப்போதே காதில் விழுகிறது: 'சார், அந்தக் கனத்துக்குக் கயிறு அறாது, முடிச்சுதான் நழுவும்.' தவிர, அன்றைக்குக் கயிறே கட்டவில்லை. அடித்துவிட்டேன்.

"தங்கையனின் இடது கையில் இப்போது மூன்று விரல்கள்." கொலைக்கதை போல இருக்கிறது. தங்கையன் அந்த மூன்று விரலை வைத்துக்கொண்டு தேங்காய் உரிக்கிறார், பேரனுக்குச் சட்டைப் பொத்தான் போடுகிறார். அவரை வைத்துப் பயம் காட்டுவது அநியாயம்.

"உலோகத்துக்கும் நினைவு உண்டு, அது தன்மேல் விழுந்த ஒவ்வொரு" (இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. உலோகத்துக்கு நினைவு கிடையாது. துரு உண்டு.)

3

முதல்முறை நடந்தது ஜூன் மாதம், மழை விட்டிருந்த ஒரு காலையில். எலிசாள் டியூட்டிக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துத்தான் தங்கையன் ஆள் கூட்டினார். சிஸ்டர் வீட்டில் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்பதில் கணவன் மனைவி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எட்டுப் பேர், மூலைக்கு இருவர். தங்கையன். ஆரியசாலைக் கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் தளவாய். கட்டிடங்களுக்கு சென்ட்ரிங் அடிக்கும் வீரபாண்டி, அவரோடு வந்த தென்காசிக்காரர் இருவர். சர்ச் பாடகர் குழுவிலிருந்து இருவர்.

முன்பக்க இடது மூலையில் தங்கையனும் தளவாயும் நின்றார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தூக்கினார்கள். ஒரு சாண் எழும்பியதும் வண்டி அந்த மூலையை நோக்கிச் சரிந்தது. தளவாயின் பிடி விட்டது. உடல் இறங்கியபோது தங்கையனின் இடது கை, உடலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருந்தது. இதற்கு மேல் விவரமாக எழுத எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை.

தியேட்டர் வாசலுக்கு வந்த கேஸ் தாளில் எலிசாள் தன் கணவரின் பெயரைப் பார்த்தார். கையிலிருந்த ட்ரேயை இன்னொரு சிஸ்டரிடம் எண்ணி ஒப்படைத்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அந்தக் கதவுக்கு வெளியே அவர் உட்கார்ந்தது அன்றுதான்.

[குறிப்பு: ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் வீரபாண்டி கையில் ஒரு புதுத் தார்ப்பாய் வந்து சேரும். தங்கையன் அதைக் கார்மேல் போட்டு மூடுவார். யார் கொடுத்தது என்று கேட்கமாட்டார். ஊருக்கே தெரியும்.]

4

தளவாயை ஒரு கதாபாத்திரமாக நிறுத்துவதில்தான் எனக்குச் சிக்கல். ஒரு மனிதன் ஏன் பிடியை விடுகிறான்?

கையில் எண்ணெய் இருந்தது என்று எழுதினேன். கயிற்றுக் கடைக்காரர் கை சொரசொரவென்று இருக்கும், எண்ணெய் நிற்காது. பழைய பகை என்று ஒரு பக்கம் நீட்டினேன். இரண்டு பேரும் ஒரே ஆளிடம் வண்டி ஓட்டப் படித்தவர்கள், ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள், பகை ஒட்டவில்லை. செல்போன் அடித்தது என்று எழுதினேன். தளவாய் கடைக்கு வெளியே செல்போனைக் கையில் எடுக்கவே மாட்டார்.

காரணம் எது எழுதினாலும் அவர்மேல் நிற்காமல் வழுக்கி விழுந்தது. நல்ல எழுத்தாளனாக இருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கவேண்டும், காரணம் அந்த ஆளிடம் இல்லையோ என்று.

அவரே சொல்லும் காரணம் ஒன்றுதான். "கை என்னுதுதானே சார். வேற ஆரைச் சொல்ல?"

5

இனி எலிசாளின் பக்கம்.

தியேட்டரில் ஒரு பழக்கம் உண்டு. ஆபரேஷன் தொடங்குமுன் இரண்டு சிஸ்டர்கள் சேர்ந்து, வாய்விட்டு, பஞ்சு, ஊசி, கத்திரி எல்லாம் எண்ணுவார்கள். தையல் போடுமுன் மறுபடி எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் எப்பேர்ப்பட்ட டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஓய்வு பெற்ற பிறகு எண்ண ஒன்றுமில்லாமல் எலிசாளுக்கு வீடு வெறிச்சோடிப் போயிருந்தது. கார் கொட்டகைக்குள் நுழைந்த முதல் நாளே, இனி இது தன் தியேட்டர் என்று முடிவு செய்துவிட்டார்.

கணவரின் ஆசையை அவர் தடுக்கவில்லை. மூன்று வருடமாகத் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் ஒன்றைத் தினமும் பார்ப்பது, தையல் போடாமல் விட்ட வயிற்றைப் பார்ப்பது போலத்தான் அவருக்கு இருந்தது. தூக்கட்டும், ஆனால் அவருடைய முறைப்படி. விபத்துக்குப் பிறகு திரும்ப முடுக்கிவைத்திருந்த போல்ட்டுகள் கழன்று, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் தனித்தனியாகப் போயின. பாட்டரி, ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஹேண்ட்பிரேக் வயர் ஒவ்வொன்றும் கழன்றதும் டேப் ஒட்டிப் பெயர் எழுதினார். கதவுகளைக் கழற்றிய இடத்தில் உடல் நடுவில் மடிந்துவிடாமல் இருக்க, இரும்பு ஆங்கிள் வைத்துக் குறுக்கே முடுக்கச் சொன்னார். வீரபாண்டியிடம் சென்ட்ரிங் ஜாக்கியும் ஆஞ்சிலி மரப் பலகையும் கேட்டார். ஒரு இஞ்சு தூக்கவேண்டும், உடனே பலகை செருகவேண்டும். அடுத்த இஞ்சு, அடுத்த பலகை. ஒருவர் கையும் அடியில் போகக்கூடாது. போதிய உயரம் வந்ததும் சேஸிஸை அதன் சக்கரத்திலேயே உருட்டி வெளியே எடுக்கவேண்டும்.

எட்டு ஆள் இருக்கும்போது இவ்வளவு பலகை எதற்கு என்று தங்கையன் முனகினார்.

"விழுந்தா ஒரு இஞ்சுதான் விழணும், கேட்டோ," என்றார் எலிசாள்.

எண்ணிக்கைக்கு இரண்டாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார். என்னிடம் காரின் கைநூல் நகல் இருந்தது. நான் வாசிக்க, அவர் கழன்ற போல்ட்டைத் தூக்கிக் காட்டி டப்பாவில் போட்டார். பதினெட்டோடு முடிந்தது. நான் தாளை மடித்தேன்.

"சாரு மடக்கண்டாம். புக்குல எத்தறை?"

"பதினெட்டு, சிஸ்டர்."

"எனக்க கையிலயும் பதினெட்டு. வண்டியில இன்னும் ஒண்ணு இருக்கு."

பாயை விரித்து, டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். வலது பின் மூலையில், தார் பூசி மூடிய ஒரு போல்ட். புத்தகத்தில் இல்லாதது. எந்தக் காலத்திலோ எந்தப் பட்டறையிலோ சத்தம் வருகிறது என்று யாரோ அடித்துவைத்த கூடுதல் போல்ட். அதைச் சுற்றிக் கிழிந்த தகரம் வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருடம் முன்பு உடலைத் தூக்கியபோது அந்த மூலை கட்டுண்டு கிடந்து, பிறகு பிய்ந்துகொண்டு மேலே போயிருக்கிறது. பாரம் மொத்தமும் எதிர் மூலைக்குச் சரிந்திருக்கிறது. முன் இடது மூலைக்கு.

"அப்பொ தளவாய் கை விட்டதில்ல," என்றார் எலிசாள். டார்ச்சை அணைத்தார். "அண்ணைக்கு எல்லாம் கழட்டியாச்சுண்ணு சொன்னது ஆரு? எனக்க வீட்டுக்காரருக்கு ஓர்மையில்ல."

புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். போல்ட்டின் பெயரையல்ல, ஆளின் பெயரை அவர் கேட்டிருந்தார். அதற்குப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

6

மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேரைத்தான் காட்டியிருக்கிறேன். எலிசாளாக இருந்தால் அந்த இடத்திலேயே கதையை நிறுத்தியிருப்பார்.

எட்டாவது ஆள் நான். வலது பின் மூலையில் நின்றேன்.

கைநூலின் நகல் அன்றும் என்னிடம்தான் இருந்தது. வரிவரியாகக் கோடு போட்டுச் சரி பார்த்தேன். அடியில் படுத்து ஒருமுறை பார்க்கச் சொன்னார் தளவாய். ஆமாம், தளவாய்தான். தரை ஈரம், நான் வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன். தாளில் எல்லாம் இருக்கிறது, கழற்றியாச்சு, தூக்கலாம் என்று நான்தான் சொன்னேன். காகிதத்தை நம்பிப் பிழைக்கிறவனுக்கு வேறு புத்தி எங்கிருந்து வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தூக்கியபோது என் மூலை வரவில்லை. பிடித்து வைத்தது போல இருந்தது. எனக்குத் தெரிந்தது. நிறுத்துங்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, பலம் இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்று மூச்சைப் பிடித்து இன்னும் வேகமாகத் தூக்கினேன்.

இதை எனக்கு நானே மூன்று வருடம் சொல்லிக்கொள்ளவில்லை. தளவாயின் கடைக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். அவர் வாங்கித் தரும் டீயைக் குடிக்கிறேன். என் கை சார், என் கை சார் என்று அவர் சொல்லும்போது, விடுங்க அண்ணாச்சி, நடந்தது நடந்துபோச்சு என்று ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

7

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) குற்றம் முகம் தெரியாத அந்தப் பட்டறைக்காரனுடையது. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இதை எலிசாளிடம் சொல்லியே பார்த்தேன். "தியேட்டர்ல கணக்கு தப்பினா பஞ்சு செய்த கம்பெனி பேரையா எழுதுவாவ? சரீண்ணு சொன்னவிய பேரைத்தான் எழுதும்," என்றார். அது நான்தான் என்று அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது.

(ஆ) தங்கையனிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுவது. தங்கையன் தளவாயைக் கூப்பிடுவார், தளவாய் வருவார், ஏன் மன்னித்தார்கள் என்று தெரியாமலேயே மகிழ்வார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. அதனாலேயே நம்பவில்லை, ஆனாலும் முயன்றேன். நேற்று தங்கையனிடம் சொன்னேன். மூன்று விரலால் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"தளவாய்க்கு அறியுமா?" என்றார்.

இல்லை என்றேன்.

"பின்ன எங்கிட்ட எதுக்கு வந்தீரு?"

(இ) எட்டுப் பேரும் சேர்ந்து தூக்குகிறார்கள், வெயில் வருகிறது, சேஸிஸ் உருண்டு வெளியே வருகிறது, இரண்டு தோழர்களும் (இன்னும் நடக்காததை எழுத எனக்கு உரிமை இல்லை. விட்டுவிட்டேன்.)

8

முதல் பகுதியில் ஒரு திருத்தம். இந்தக் கதை வாட்ஸாப் செய்தியிலிருந்து பிறந்தது என்றேன். அந்தச் செய்தியின் கடைசி வரியை மாற்ற எலிசாள் மறுத்ததிலிருந்து பிறந்தது என்பதே சரி. "நான் மாத்தமாட்டேன். சரீண்ணு சொன்ன ஆளு மாத்தட்டும்," என்றார். மூன்று நாளாக முயன்றும் ஒரு வரி வரவில்லை. பக்கம் பக்கமாக இதுதான் வந்தது. "ஒரு வரி எழுதச் சொன்னா கதை எழுதுதீரு," என்று காலையில் சிரித்தார்.

வாசகரே, இதுவரை உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். மன்னிக்கவேண்டும், முடிவு உங்களுக்கு இல்லை. என் கதைகளை முதலில் படிப்பவருக்கு. கயிற்றுப் பிழை பார்ப்பவருக்கு.

அண்ணாச்சி, இன்று வெள்ளிக்கிழமை. இந்தத் தாள்களை உங்கள் மேசையில் வைத்துவிட்டு, படியுங்கள் என்று மட்டும் சொல்லப்போகிறேன். வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டாம் பகுதியில் கயிறு பற்றிச் சிரித்திருப்பீர்கள். நான்காம் பகுதியில் சிரித்திருக்கமாட்டீர்கள். இந்த வரிக்கு வந்து நீங்கள் நிமிரும்போது நான் கடை வாசலில்தான் நிற்பேன். டீக்கடைக்குப் போகமாட்டேன்.

படுத்துப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் பார்க்கவில்லை. உங்கள் கை விடவில்லை.

அந்தப் போல்ட்டை நேற்று நானே அடியில் படுத்துக் கழற்றினேன். வேட்டி போயிற்று. டப்பாக்களில் பத்தொன்பது இருக்கிறது, சிஸ்டர் எண்ணிவிட்டார். முன் இடது மூலையில் தங்கையன் பக்கத்தில் யாரையும் நிறுத்தவில்லை. நிறுத்தவேண்டாம் என்றது தங்கையன்தான்.

நாளைக் காலை எட்டு மணிக்கு, அண்ணாச்சி. இப்போதைக்கு ஏழு பேர் இருக்கிறோம்.